அத்தியாயம் 9: திருத்தம் சரிதான், கணினிதான் எழவில்லை

2019 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாட்டில் அண்ணா பிறந்தநாள். அன்றுதான் லினக்ஸ் கெர்னலின் 5.3ஆம் பதிப்பை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். பத்து வாரங்களாக உலகெங்கிலுமிருந்து வந்து சேர்ந்த பதினான்காயிரத்துக்கும் அதிகமான திருத்தங்கள் அதில் இருந்தன. பதிப்பு எண்ணை மாற்றுவதற்கு முன் அவர் கடைசியாகச் செய்தது, அந்தத் திருத்தங்களில் ஒன்றைத் திரும்பப் பெற்றதுதான்.

அந்தத் திருத்தத்தில் பிழை எதுவும் இல்லை. எழுதியவர் சரியாக எழுதியிருந்தார், சரிபார்த்தவர்கள் சரியாகவே பார்த்திருந்தார்கள். செய்கிறேன் என்று சொன்ன வேலையை அது செய்தது, வேகமும் கூடியது. இருந்தும் வாசல்வரை வந்ததை வெளியே அனுப்பிவிட்டார்கள். கெர்னல் உலகில் பிழையான பேட்சை (திருத்தத்தை) ரிவர்ட் செய்வது (திரும்பப் பெறுவது) அன்றாட வேலை, அதில் கதை ஒன்றும் கிடையாது. சரியான பேட்சை ரிவர்ட் செய்ததில்தான் கதை இருக்கிறது.

முதலில் கெர்னலைப் பற்றிக் கொஞ்சம். நாம் திரையில் பார்ப்பது எதுவும் கெர்னல் அல்ல. வாட்ஸ்அப், பிரௌசர், கேமரா எல்லாமே அதன் மேல் ஓடும் நிரல்கள். வட்டிலிருந்து கோப்பைப் படிப்பது, நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது, பிராசசர் நேரத்தை யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது, விசைப்பலகையில் விரல் பட்டதைக் கவனிப்பது ஆகிய வேலைகளுக்கு அந்த நிரல்கள் கெர்னலிடம்தான் வந்து நிற்க வேண்டும். லினக்ஸ் கெர்னல் அப்போதே இரண்டரைக் கோடி வரிகளைத் தாண்டியிருந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் கையிலிருக்கும் ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுவது இதே லினக்ஸ் கெர்னல்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. பதினோராம் வகுப்பு கணினி அறிவியல் பாடத்திலும் விண்டோஸோடு உபுண்டுவைச் சேர்த்திருக்கிறார்கள். யாரோ எங்கோ எழுதும் ஒரு வரி கல்வராயன் மலைவரை போகும் என்பது வெறும் பேச்சு இல்லை.

திரும்பப் பெறப்பட்ட திருத்தம், எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையைச் சேர்ந்தது. வட்டில் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சிறு பதிவு உண்டு. கோப்பின் அளவு, உரிமையாளர், அது வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். இதை ஐநோடு என்பார்கள். ஓர் ஐநோடைப் படிக்கும்போது, பக்கத்தில் இருப்பவையும் சீக்கிரம் தேவைப்படும் என்று ஊகித்து எக்ஸ்ட்4 அவற்றையும் சேர்த்துப் படித்துவிடும். முன்பு இது பல சிறு சிறு கோரிக்கைகளாக வட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிய திருத்தம் அவற்றைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து, ஒன்றாகச் சேர்த்து ஒரே கோரிக்கையாக அனுப்பியது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில வரிகள்தான். ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள கோப்புறையைத் திறப்பவர்களுக்கு நல்ல பலன்.

5.3 முடியும் தறுவாயில் அஹமது தார்விஷ் என்ற டெவலப்பர் ஒரு புகார் அனுப்பினார். அவருடைய திங்க்பேட் மடிக்கணினி புதிய கெர்னலில் எழவில்லை. பவர் பட்டனை அழுத்துகிறார், வரிகள் ஓடுகின்றன, பிறகு கறுப்புத் திரை. உள்நுழைவுப் பக்கம் வரவே இல்லை. கணினி செத்துப் போகவில்லை, எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. இந்த வகைத் தொங்கலில் வேடிக்கை என்னவென்றால், பொறுமை இழந்து விசைப்பலகையைத் தட்டினாலோ மவுசை அப்படி இப்படி ஆட்டினாலோ சட்டென்று விடுபட்டுவிடும். பெட்டியைத் தட்டினால் படம் வருகிற பழைய டிவி ஞாபகம் வரலாம். ஆனால் இங்கே தட்டுவதற்கு உண்மையிலேயே ஓர் அறிவியல் காரணம் இருக்கிறது.

அதற்குப் போகும் முன், பதினான்காயிரத்தில் எந்தத் திருத்தம் குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் மின் லைனில் எங்கோ பழுது என்று வைத்துக்கொள்வோம். லைன்மேன் கம்பம் கம்பமாக ஏறிப் பார்க்க மாட்டார். நடுவழியில் இருக்கும் ஏபி சுவிட்சைத் திறந்துவிட்டு, சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு சார்ஜ் பண்ணச் சொல்வார். லைன் நின்றால் பழுது சுவிட்சுக்கு மேலே, டிரிப் ஆனால் கீழே. பாதி தூரம் ஒரே அடியில் கழிந்துவிட்டது. மிச்சப் பாதியையும் அதேபோல் பாதியாக்குவார். கெர்னல் ஆட்கள் இதை பைசெக்ட் என்கிறார்கள். டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்ற மென்பொருளிலேயே இதற்கான கட்டளை இருக்கிறது. 5.2 எழுந்தது, 5.3 எழவில்லை. நடுவிலுள்ள ஒரு நிலையை எடுத்து, தொகுத்து (கம்பைல் செய்து), மறுபடி கணினியை இயக்கிப் பார்க்க வேண்டும். பதினான்கு முறை பாதியாக்கினால் 16,384 திருத்தங்களுக்குள் ஒன்றை அடையாளம் காட்டிவிடலாம்.

கேட்க எளிது. ஒவ்வொரு முறையும் கெர்னலை முழுவதும் தொகுக்க வேண்டும், அதற்கே சாதாரண மடிக்கணினியில் நேரம் ஓடிவிடும். அதைவிடத் தொல்லை, இந்தப் பிழை எல்லா முறையும் வராது. ஒருமுறை அதிர்ஷ்டத்தால் கணினி எழுந்துவிட்டு, நீங்களும் ‘நல்லது’ என்று குறித்துவிட்டால் அதற்குப் பின் வரும் எல்லாப் பாதிகளும் தவறான திசையில் போகும். கடைசியில் சம்பந்தமே இல்லாத ஒருவர் தலையில் பழி விழும். தார்விஷ் செய்த பைசெக்ட் எக்ஸ்ட்4 திருத்தத்தைக் காட்டியபோது யாருக்கும் அந்தச் சந்தேகம்தான் வந்திருக்கும். ஐநோடைச் சேர்த்துப் படித்தால் உள்நுழைவுத் திரை ஏன் வராமல் போக வேண்டும்?

விடை இன்டரப்டில், அதாவது இடைமறிப்பில் இருந்தது. வட்டு தன் வேலையை முடித்ததும் ‘தயார்’ என்று பிராசசரை ஒருமுறை இடைமறித்துச் சொல்லும். விசை அழுத்தினாலும், மவுசு நகர்ந்தாலும், நெட்வொர்க்கில் ஏதாவது வந்தாலும் அப்படியே. இந்த இடைமறிப்புகள் எந்த நானோநொடியில் வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கெர்னல் அந்தக் கணிக்க முடியாமையைச் சிறுகச் சிறுகச் சேமித்து, ரகசியச் சாவிகளுக்கான சீரற்ற எண்களை உருவாக்குகிறது. சேமிப்பில் ரொம்பக் கஞ்சம்: அன்றைய கணக்குப்படி ஏறத்தாழ 64 இன்டரப்ட் வந்தால்தான் ஒரு பிட் வரவு. 128 பிட் சேர்ந்த பிறகே எண்களைக் கொடுக்கத் தொடங்கும். அதுவரை கேட்பவர் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இப்போது முடிச்சு அவிழும். திருத்தம் பல கோரிக்கைகளை ஒன்றாக்கியது. கோரிக்கை குறைந்ததால் இன்டரப்ட் குறைந்தது. இன்டரப்ட் குறைந்ததால் சேமிப்பு 128 பிட்டை எட்டவில்லை. உள்நுழைவுத் திரையைக் கொண்டுவரும் நிரல், திரை இணைப்புக்கான ஓர் அடையாள எண்ணை உருவாக்க உயர்தரச் சீரற்ற எண்ணைக் கேட்டது. கெர்னல் ‘பொறு’ என்றது. நிரல் பொறுத்தது. அது பொறுத்ததால் திரை வரவில்லை, திரை வராததால் பயனர் எதையும் தட்டவில்லை, யாரும் தட்டாததால் புதிய இன்டரப்டும் வரவில்லை. இயந்திரம் தன் நிழலுக்காகத் தானே காத்திருந்தது. வேகம் கூடியதுதான் தேக்கத்துக்குக் காரணம். எக்ஸ்ட்4, சீரற்ற எண் என இந்த இரண்டு பகுதிகளுக்கும் அப்போது பொறுப்பாளர் ஒருவரே, தியோடர் ட்சோ. ஒரே ஆள் பார்த்துக்கொண்ட இரு பகுதிகளுக்கு நடுவே இப்படி ஒரு கள்ளவழி இருப்பது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்றால், சிக்கலின் ஆழம் புரியும்.

இனி நியாயம். யார் பக்கம் தவறு?

ஒரு தரப்பு சொன்னது: தவறு உள்நுழைவு நிரலுடையது. கணினி எழும் நேரத்தில், வங்கிச் சாவிக்குரிய தரத்தில் சீரற்ற எண் கேட்க அதற்கு என்ன அவசியம்? அதைத் திருத்துங்கள். இன்னொரு தரப்பு: சேமிப்பு நிறையும்வரை காத்திருப்பேன் என்று கெர்னல் 2014இல் வாக்குக் கொடுத்திருக்கிறது, அதை மீறி அரைகுறை எண்ணைக் கொடுத்தால் பாதுகாப்பு போய்விடும். இதுவும் வெறும் பயம் அல்ல. 2012இல் நாடியா ஹெனிங்கர் முதலிய ஆய்வாளர்கள் இணையத்தை முழுவதுமாக அலசி, இணையத் தொடர்பை மறையாக்கும் டிஎல்எஸ் முறையைப் பயன்படுத்திய கணினிகளில் இருநூறுக்கு ஒன்று வீதம் தனிச்சாவியையே கணக்கிட்டு எடுத்துக் காட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ரௌட்டர் போன்ற சிறு கருவிகள். இயக்கிய உடனே, போதிய சீரற்ற தன்மை சேராமலே சாவி செய்துகொண்டவை. பிராசசருக்குள்ளேயே சீரற்ற எண் தரும் கட்டளை இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். அதே 2019இல் சந்தைக்கு வந்த ரைசன் 3000 பிராசசர்களில் சில, அந்தக் கட்டளையைக் கேட்கும்போதெல்லாம் மாறாமல் ஒரே விடையைச் சொல்லிக்கொண்டிருந்தன: எல்லா பிட்டும் ஒன்று.

ஆக எல்லோர் வாதத்திலும் நியாயம் இருந்தது, எக்ஸ்ட்4 ஆட்கள் மட்டும் சம்பந்தமே இல்லாதவர்கள். ஆனால் டோர்வால்ட்ஸ் எடுத்து எறிந்தது அவர்களுடைய திருத்தத்தைத்தான். கெர்னல் உலகில் பல ஆண்டுகளாக அவர் கறாராகக் காத்துவரும் விதி ஒன்று உண்டு: நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த ஒருவருடைய கணினி, கெர்னலை மாற்றியதால் இன்று ஓடாமல் போகக் கூடாது. யார் எழுதியது சரி, யார் எழுதியது தவறு என்பது இரண்டாம் கேள்வி. அன்றைய வெளியீட்டுச் செய்தியில் இந்த ரிவர்ட்டையே அந்த விதிக்கு உதாரணமாக எடுத்து அவர் விளக்கினார். திருத்தம் சரியானது, பயனரின் கணினி எழவில்லை என்பதும் சரியானது, இரண்டில் இரண்டாவதற்கே எடை அதிகம். இது கொஞ்சம் அநியாயம் என்று எனக்கு முதலில் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ரிவர்ட் செய்வதால் திருத்தத்தை எழுதியவருக்கு நஷ்டம் சில வாரத் தாமதம். செய்யாவிட்டால் நஷ்டம் யாருக்கு, எவ்வளவு என்று யாராலும் கணக்கிட முடியாது.

ரிவர்ட் என்பது அழிப்பதல்ல. கிட்டில் நடந்ததை நடக்காததாக்க மாட்டார்கள், பகிரப்பட்ட வரலாற்றைக் கிழிப்பது அங்கே பெரும் பாவம். பழைய திருத்தம் எந்த வரிகளைச் சேர்த்ததோ அவற்றை நீக்கும் ஒரு புதிய திருத்தத்தை மேலே வைப்பார்கள். ‘இன்ன திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று அதன் நாற்பது எழுத்து அடையாளத்தோடு தலைப்புக்குக் கீழே ஒரு வரி இருக்கும். அதை மென்பொருளே எழுதிவிடும். கீழே ஏன் என்று மனிதர் எழுத வேண்டும். காரணம் எழுதாத ரிவர்ட்டைப் பொறுப்பாளர்கள் சும்மா விடமாட்டார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் அதே திருத்தத்தை நல்ல யோசனை என்று மறுபடி கொண்டுவருவாரே! தமிழ்நாட்டில் பத்திரப் பதிவும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது, வில்லங்கச் சான்றில் ரத்துப் பத்திரமும் ஒரு பதிவாகவே நிற்கும்.

எல்லாச் சிக்கலும் இவ்வளவு நிதானமாகத் தீர்வதில்லை. 2023 டிசம்பரில் நடந்தது வேறு ரகம். மீண்டும் எக்ஸ்ட்4. முக்கியக் கெர்னலில் சரியாக இருந்த ஒரு திருத்தத்தைப் பழைய 6.1 தொடருக்கும் எடுத்துப்போனார்கள். அதற்குத் துணையாக இருக்க வேண்டிய இன்னொரு திருத்தத்தை எடுத்துப்போக மறந்துவிட்டார்கள். விளைவு, கோப்பில் எழுதும் சில முறைகளில் ‘அடுத்து எங்கே எழுதுவது’ என்ற குறி இருமுறை நகர்ந்தது, தரவு தப்பான இடத்தில் விழுந்தது. டெபியன் 12.3 வெளியாக இருந்த நாளில் இது தெரியவந்தது. அந்த வெளியீட்டையே நிறுத்திவிட்டு, மறுநாள் டிசம்பர் 10 அன்று 12.4 என்று வெளியிட்டார்கள். எழாத கணினியாவது எழாமல் நின்று தன் நோயைச் சொல்லிவிடும். கோப்பைச் சத்தமில்லாமல் கெடுப்பது எதையும் சொல்லாது.

எழாமல் போவதும் லேசான விஷயம் இல்லை. 2024 ஜூலை 19, நமது நேரம் காலை 9.39 மணிக்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு, விண்டோஸ் கெர்னலுக்குள் ஓடும் அதன் பாதுகாப்பு மென்பொருளைக் கவிழ்த்தது. 10.57க்கே அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 78 நிமிடம்தான், பாராட்டத்தக்க வேகம். ஆனால் அதற்குள் நீலத் திரைக்குப் போன கணினிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை. எழாத கணினி இணையத்தோடு எப்படிப் பேசும்? மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள். பலவற்றுக்கு ஆளே நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். வெளியிட்ட பிறகு செய்யும் ரிவர்ட்டுக்கும் வெளியிடுவதற்கு முன் செய்யும் ரிவர்ட்டுக்கும் உள்ள தூரம் இதுதான்.

இந்தத் தூரத்தை வெள்ளிமலையிலிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினால், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டான கல்வராயன் மலை. மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். அப்படி ஒரு பள்ளியில் லினக்ஸ் கணினி ஒன்று அப்டேட்டுக்குப் பிறகு கறுப்புத் திரையில் நின்றுவிட்டது என்று கற்பனை செய்யுங்கள். அங்கே இருக்கும் ஆசிரியர் என்ன செய்வார்? ‘சார், கம்ப்யூட்டர் ஆன் ஆகல’ என்பான் மாணவன். கரண்ட் போய் வந்ததில் ஏதோ போய்விட்டது என்று அவர் முடிவு கட்டுவார். துணியைப் போட்டு மூடி, சர்வீஸ் ஆள் வரும்போது பார்க்கலாம் என்று விடுவார். பதினான்கு முறை கெர்னல் தொகுத்து, இன்ன திருத்தம்தான் காரணம் என்று புகார் எழுதமாட்டார். எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

புகார் எழுதத் தெரிந்த ஒரு தார்விஷுக்குப் பின்னால் எத்தனை மூடிய கணினிகள் இருக்கும் என்பதற்குக் கணக்குக் கிடையாது. டோர்வால்ட்ஸின் விதியை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஒரு புகார் வந்தால் அதை ஒன்று என்று எண்ணாமல், வராத புகார்களின் முன்னோடி என்று எடுத்துக்கொள்வது. ‘உன் நிரலைத் திருத்திக்கொள்’ என்ற பதில் போர்ட்லாந்தில் இருக்கும் புரோகிராமருக்குப் பொருந்தலாம், வெள்ளிமலை ஆசிரியருக்குப் பொருந்தாது. நடந்தது என்ன? அந்தத் திருத்தத்தோடு 5.3 வெளியே வரவே இல்லை. மலையில் யாருக்கும் அப்படி ஒரு கறுப்புத் திரை அதனால் வரவில்லை, அப்படி ஒன்று வர இருந்தது என்றும் தெரியாது.

திருத்தத்தின் கதை ரிவர்ட்டோடு முடியவில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் டோர்வால்ட்ஸே சீரற்ற எண் பகுதிக்குள் கைவைத்தார். 128 பிட் சேரும்வரை சும்மா உட்கார்ந்திருக்காமல், கெர்னல் தானே அதைத் தேடிக்கொள்ளட்டும் என்றது அவர் எழுதிய திருத்தம். ஒரு டைமரை ஓட விட்டு, அது அடிப்பதற்குள் பிராசசரின் சுற்று எண்ணியைத் திரும்பத் திரும்பப் படிப்பது. இன்றைய பிராசசர்களின் உள்சிக்கல் எவ்வளவு என்றால், ஒரே வட்டத்தை ஓடினாலும் ஒவ்வொரு முறையும் சில சுற்றுகள் முன்பின் ஆகும். அந்த நடுக்கத்தைச் சேமித்தால் சுமார் ஒரு நொடியில் வேண்டியது கிடைத்துவிடும். யாரும் மவுசை ஆட்ட வேண்டாம். இது போதுமான அளவு சீரற்றதா என்று வாதிட்டவர்கள் உண்டு, இன்றும் அந்த வாதம் முழுவதாக ஓயவில்லை. ஆனால் தொங்கல் ஒழிந்தது. உடனே, எக்ஸ்ட்4 ரிவர்ட்டையே ரிவர்ட் செய்தார். தலைப்பில் ‘ரிவர்ட்’ என்ற சொல் இருமுறை வரும் அந்தப் பதிவு கெர்னல் வரலாற்றில் அப்படியே இருக்கிறது, மேற்கோள்குறிக்குள் மேற்கோள்குறியாக.

திருத்தம் மீண்டும் இடம்பெற்ற 5.4ஆம் பதிப்பு 2019 நவம்பர் 24 அன்று வெளியானது. இரண்டு நாள் கழித்து, 26ஆம் தேதி, விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தேதி நினைவிருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். 5.4 நீண்டகாலப் பராமரிப்புத் தொடராக அறிவிக்கப்பட்டு 2025வரை திருத்தங்களைப் பெற்றுக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு 11, 12 காலத்துப் போன்கள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படை. உங்களிடம் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குப் போய் கெர்னல் வெர்ஷனைப் பாருங்கள். எண் 5.4 அல்லது அதற்கு மேல் என்றால், வெளியே அனுப்பித் திரும்ப அழைத்த அந்தச் சில வரிகள் அதற்குள் இருக்கின்றன.